ஒலி வராத மடிக்கணினியும் திக்கி ஓடிய காணொளியும்: ஒரு பழுது நீக்கப் பதிவு

2008ஆம் ஆண்டு வாக்கில் தயாரான ஒரு மடிக்கணினி கைக்கு வந்தது. 2 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி நினைவகம், இன்டெல் 965 சிப்செட்டுடன் வரும் எக்ஸ்3100 வரைகலை, பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை அட்டை ஆகியவை அதில் இருந்தன. பிரதான மின்கலம் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டதால் மின்இணைப்பில்தான் இயங்கும். கொடுத்தவர், “விண்டோஸில் இருந்தபோதே காணொளி கொஞ்ச நேரத்தில் திக்க ஆரம்பித்துவிடும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு அன்றே மதிப்புக் கொடுத்திருந்தால் இரண்டு வார மாலைப்பொழுதுகள் மிச்சமாகியிருக்கும்.

செயலி 64 பிட் வகையானதால் லினக்ஸ் இயக்குதளமான டெபியன் 12ஐ, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளத்துடன் நிறுவினேன். நிறுவல் தடையின்றி முடிந்தது. வைஃபை மட்டும் தெரியவில்லை. கணினியில் உள்ள வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை, அட்டையை பிசிஎம்4312 என்று காட்டியது. இதை இயக்கும் நிரலான பி43 இயக்கி, லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை மறுபகிர்வு செய்ய உரிமம் இல்லாததால், டெபியனின் நிறுவிப் பொதி அதை இணையத்திலிருந்து இறக்கித்தான் போட்டுக்கொள்கிறது. இணையம் வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் இணையம் வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்ததும் அந்தச் சிக்கல் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு, வேறோர் இணைப்பில் மறுபடி திறந்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. சில தளங்கள் திறந்தன, சில தளங்கள் சான்றிதழ் பிழை காட்டின. மென்பொருள்களை நிறுவும் ஏபிடி நிரலோ, டெபியன் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்தது. திரையின் மூலையில் இருந்த நேரம் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. தேதியைக் கவனித்த பிறகுதான், கணினி இரண்டு வாரம் பின்தங்கியிருப்பது தெரிந்தது. எச்டபிள்யூகிளாக் கட்டளையில் வன்பொருள் கடிகாரத்தைப் பார்த்தால் அது 2008ஆம் ஆண்டில் நின்றிருந்தது. கடிகார மின்கலம் தீர்ந்துபோயிருந்தது என்பதே இதன் பொருள். ஆனால் சிஸ்டம்டி என்ற பின்னணிச் சேவைத் தொகுப்பின் நேர ஒத்திசைவுச் சேவை, தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தைவிடக் கடிகாரம் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் 2008 என்று அப்பட்டமாகத் தெரிய வேண்டிய பழுது, இரண்டு வாரப் பிசகாக ஒளிந்துகொண்டது. அந்த இரண்டு வாரத்துக்குள் சான்றிதழைப் புதுப்பித்த தளங்கள் மட்டும் திறக்க மறுத்தன. அன்றைய இணைப்பில் நேர ஒத்திசைவுக்கான யுடிபி 123 வாயில் அடைக்கப்பட்டிருந்ததால் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. உள்ளே இரு கம்பிகளோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டிருந்த சிஆர்2032 மின்கலத்தை மல்டிமீட்டரில் அளந்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 0.9 காட்டியது. அதே இணைப்பியுடன் கூடிய புதியதை மாட்டியதும் அந்த அத்தியாயம் முடிந்தது.

அடுத்தது ஒலி. ஹெட்போனில் கேட்டது, ஒலிபெருக்கியில் கேட்கவில்லை. பழைய கணினியில் லினக்ஸ் போட்டவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: ஒலி அளவுகளைக் கட்டுப்படுத்தும் ஆல்சாமிக்சரைத் திறந்து ஒவ்வொரு பட்டையாகப் பார்த்து, அடியில் ஊமை அடையாளம் இருந்தவற்றை எம் விசையால் விடுவித்தேன். பலனில்லை. பிறகு, எச்டிஏ இன்டெல் ஒலி இயக்கிக்கு மாடல் என்றொரு அளவுருவைக் கொடுக்கலாம் என்ற பழைய அறிவுரையை எடுத்துக்கொண்டு, ஆறேழு பெயர்களை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்து பார்த்தேன். ஒரு பெயரில் ஹெட்போனும் போய்விட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டைத் திறக்க முயன்றது போலத்தான் அந்த மாலை கழிந்தது.

மறுநாள் எழுதியவற்றையெல்லாம் அழித்துவிட்டு, ஒலிச் சில்லு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டேன். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் கருவிகளுடன் வரும் எச்டிஏ ஜாக் சென்ஸ் டெஸ்ட் என்ற சிறு நிரல், ஒவ்வொரு துளையிலும் செருகி இருக்கிறதா இல்லையா என்று சில்லு கருதுவதை ஒரு வரியில் அச்சிடும். ஹெட்போனைச் செருகினேன்; இருக்கிறது என்றது. உருவினேன், அப்போதும் இருக்கிறது என்றது. மூன்று முறை செய்து பார்த்தும் விடை மாறவில்லை. இயக்கி தன் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது: ஹெட்போன் செருகப்பட்டிருப்பதாகச் சில்லு சொல்கிறது, ஆகவே ஒலிபெருக்கியை அணைத்துவிடுகிறது.

துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடிப்புறத்தில் சாம்பல் நிறப் பஞ்சு அடைந்திருந்தது. செருகி உள்ளே போகும்போது ஒதுங்கி, வெளியே வரும்போது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டிய மெல்லிய உலோகத் தகடு அந்தப் பஞ்சில் மாட்டிக்கொண்டு பாதி வழியிலேயே நின்றிருந்தது. கணினியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றி, மரப் பல்குத்தியால் பஞ்சை எடுத்தேன். பின்பு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட செருகியை இருபது முறை செருகி உருவி, நன்றாகக் காயவிட்டேன். நிரலை மறுபடி ஓட்டியபோது இல்லை என்ற விடை வந்தது, ஒலிபெருக்கியும் பேசியது. தகடு உடைந்தேபோயிருந்தால், ஆல்சாமிக்சரில் ஆட்டோ மியூட்டை அணைத்து, ஒலிக் கட்டுப்பாட்டு நிரலின் வெளியீட்டுப் பக்கத்தில் ஒலிபெருக்கியைக் கையால் தேர்ந்தெடுத்துச் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு ஒலி தொடங்கும்போதும் கேட்ட ‘டப்’ என்ற சிறு வெடிப்பு, ஒலிச் சில்லின் மின்சேமிப்பால் வருவது. இயக்கியின் பவர் சேவ் அளவுருவைப் 0 ஆக்கியதும் அது நின்றது.

இனி, கொடுத்தவர் சொன்ன காணொளிச் சிக்கல். வெப்பமாக இருக்குமோ என்று தொடக்கத்தில் தோன்றியது; ஆனால் செயலி வேகம் குறையாமல் தெரிந்ததால் அதைத் தள்ளி வைத்துவிட்டேன். சந்தேகம் வரைகலை இயக்கியின் மேல் விழுந்தது. அதற்குக் காரணமும் இருந்தது: லினக்ஸின் வரைகலை நிரல்தொகுப்பான மீசாவின் 22.0 பதிப்பில் பழைய இயக்கிகள் நீக்கப்பட்டு, இந்தத் தலைமுறை இன்டெல் சில்லுகள் குரோக்கஸ் என்ற புதிய இயக்கிக்கு மாற்றப்பட்டன. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையில் எல்எல்விஎம்பைப் என்று வந்திருந்தால், வரைகலை வேலையையும் செயலியே சுமக்கிறது என்று பொருள். அப்படி வரவில்லை, 965ஜிஎம் என்றே சரியாகக் காட்டியது. எக்ஸ்3100இல் எச்.264 என்ற வடிவத்தில் சுருக்கப்பட்ட காணொளியை விரிக்கும் வன்பொருள் கிடையாது என்பதால், அந்த வேலை எப்படியும் செயலியின் தலையில்தான். ஆகவே உலாவியில் ஏவி1, விபி9 வடிவங்களைத் தவிர்த்து எச்.264ஐ மட்டும் கேட்கும்படி ஒரு நீட்சியைச் சேர்த்தேன். 720பி காணொளிக்குச் செயலிப் பயன்பாடு 80 விழுக்காட்டிலிருந்து 55க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் சிறிது நேரத்தில் திக்கல் வந்தது.

அந்தச் ‘சிறிது நேரம்’ எவ்வளவு என்று அளக்கத் தோன்றியதே திருப்பம். உலாவியையும் இணையத்தையும் ஒதுக்கிவிட்டு, வட்டில் இருந்த ஒரே 720பி கோப்பை எம்பிவி என்ற காணொளி நிரலில் ஓட்டி, ஐ விசையை அழுத்தினால் வரும் புள்ளிவிவரத்தில், விடுபட்ட சட்டங்களின் (ஃபிரேம்களின்) எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆறு நிமிடம் பூஜ்யம். ஏழாவது நிமிடத்தில் 14, எட்டாவதில் 200ஐத் தாண்டியது. அணைத்து இருபது நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டினால், மீண்டும் ஆறு நிமிடம் பூஜ்யம். இயக்கியிலோ காணொளி வடிவத்திலோ கோளாறு இருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கடிகாரம் பார்த்து வருவது பெரும்பாலும் வெப்பம்தான்.

பக்கத்து முனையத்தில், வெப்பநிலையைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை ஓடவிட்டேன். 58 பாகையில் தொடங்கி ஏழாவது நிமிடத்தில் 96 ஆனது. கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில், வெப்பம் வரம்பைத் தாண்டியதால் செயலியின் கடிகாரம் மட்டுப்படுத்தப்பட்டதாக வரிசையாக வரிகள் இருந்தன. ஆனால் மேசைத்தளப் பட்டையில் செயலி வேகம் அப்போதும் 2 கிகாஹெர்ட்ஸ் என்றே இருந்தது. அங்கே தெரிவது இயக்குதளம் கேட்ட வேகம். சூடு தாங்காமல் செயலி தானாக இடையிடையே துடிப்புகளை விட்டுவிடுவது அந்த எண்ணில் தெரியாது. இந்த ஓர் எண்ணை நம்பித்தான், தொடக்கத்திலேயே எழுந்த வெப்பச் சந்தேகத்தைத் தள்ளி வைத்திருந்தேன்.

அடிமூடியைத் திறந்து விசிறியைக் கழற்றினால், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து, வார்த்து எடுத்ததைப் போல ஒரே பாளமாகக் கையோடு வந்தது. செயலியின் மேலிருந்த வெப்பப் பசை சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. சுரண்டித் துடைத்து, அரிசி மணி அளவு புதுப் பசை வைத்து, திருகுகளை மூலைவிட்டமாக மாற்றி மாற்றி இறுக்கினேன். அதே கோப்பை அரை மணி நேரம் ஓட்டியதில் உச்ச வெப்பம் 74. விடுபட்ட சட்டங்கள் 3. செயலியின் பாதுகாப்புக் குறைகளுக்காகக் கர்னல் செய்யும் தணிப்புகளை அணைத்தால் வேகம் கூடும் என்றும் ஓர் அறிவுரை உண்டு. இணையத்தில் உலவும் கணினியில் அதைச் செய்ய மனமில்லை. இப்போது தேவையும் இல்லை.

மிச்சமிருப்பவை இரண்டு. உறக்கநிலையிலிருந்து எழுந்தால் சில நேரம் வைஃபை வருவதில்லை. பி43 நிரல்கூறை இறக்கி மறுபடி ஏற்றினால் வந்துவிடுகிறது. வட்டு தன் நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், நிலுவையிலுள்ள பிரிவுகள் (படிக்க முடியாமல் நிற்பவை) 8 என்று இருக்கிறது. சென்ற வாரமும் 8தான். தரவை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டேன். அடுத்து திறக்கும்போது வட்டையே மாற்றப்போகிறேன்.