பொலிகாளைக் கன்றின் பின்னங்கால் நொண்டல்: எங்கள் அனுபவம்

வாழப்பாடிப் பக்கம் எங்கள் கட்டுத்தரையில் பொலிகாளைக்கென்றே, அதாவது பசுக்களைச் சினையாக்க விடுவதற்கென்றே, ஒரு ஜெர்சி கலப்புக் காளைக்கன்றை வளர்த்தோம். 14 மாதத்திலேயே இரண்டு வயசா என்று கேட்கிற உடம்பு. ஒரு நாள் காலையில் எழவே யோசித்தது, எழுந்தபின் வலது பின்னங்குளம்பின் நுனியை மட்டும் சிமெண்டுத் தரையில் ஊன்றி நின்றது, பத்தடி நடந்த பிறகுதான் காலை முழுசாக வைத்தது.

சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினோம். ஒருத்தர் வந்து ஊசி போட்டார், மூன்று நாள் நன்றாக நடந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். இப்படியே ஒன்றரை மாதம் போனது, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. தொடை முட்டியின் முன்பக்கம் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று இருந்தது என் கைக்கே தெரிந்தது, வெறும் வீக்கம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் வண்டியில் வைக்கோல் பரப்பி தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிப் போனோம். டாக்டரம்மா முதலில் குளம்பைத்தான் பார்த்தார், மாடு நொண்டினால் பெரும்பாலும் கோளாறு அங்கேதானாம். அது சுத்தமாக இருந்ததும் முட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துக் காட்டினார். இளமஞ்சளாக, நூல் மாதிரி நீண்டது. சீழ் பிடித்த மூட்டென்றால் கலங்கி இருக்கும் என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு முனை ஓரிடத்தில் குழிந்திருந்தது, நல்ல கால் என்று நாங்கள் நம்பிய இடது காலிலும் அதே குழி. ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ். வளர்கிற வேகத்தில் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாமல் நின்றுபோய், மேலே வெடிப்பு விடுவது.

"என்னங்க தீனி போடறீங்க?" என்றார். தவிடு, மக்காச்சோள மாவு, புண்ணாக்கு எல்லாம் தாராளமாக என்றேன். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் கிட்டத்தட்ட இரண்டு பங்கு இருக்கணும், அதோடு இந்த வேகத்தில் எடை ஏறினால் பாரம் முழுக்க இளம் மூட்டில்தான் என்று விளக்கினார்.

தவிடு, மாவு, புண்ணாக்கு என்கிற அடர்தீவனத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தோம், சோளத்தட்டும் தாது உப்பும் கொடுத்தோம், கட்டும் இடத்தில் மண் கொட்டினோம். வலிக்கு மெலோக்சிகாம் சில நாள் மட்டும். ஐந்து மாதத்தில் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் காலை எழுந்ததும் முதல் இரண்டு மூன்று அடி இன்னும் குட்டையாகத்தான் வைக்கிறான்.

பசு மேல் ஏறினால் மொத்த எடையும் அந்த முட்டிகளில்தான், இந்தக் கோளாறு வாரிசுக்கும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதால் பொலிக்கு விடுவதில்லை. சினைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லி, மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன்.