சித்தி மகன் உறவினன் இல்லையாம்

2025 ஆகஸ்ட் 9, சனி. டர்பன், சாட்ஸ்வொர்த்

தென்னாப்பிரிக்காவின் மகளிர் தின விடுமுறை. துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது இந்திய வருமான வரித் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 2024-25 நிதியாண்டில் என் பான் எண்ணில் பெரிய தொகைப் பரிவர்த்தனை பதிவாகியிருக்கிறது, ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பாருங்கள் என்று இருந்தது. பார்த்தேன். கிரெடிட் கார்டு பில்லுக்காகச் செலுத்தியது 13,72,000 ரூபாய்.

ஊரில் என் பெயரில் வருமானம் என்பது வைப்புத்தொகை வட்டி மட்டும். வரி வரம்பை எட்டாது என்பதால் அங்கே கணக்குத் தாக்கல் செய்வதே இல்லை. இங்கே மருந்துக் கடையில் மாதச் சம்பளம் வாங்குகிறவள் ஈரோட்டில் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் எப்படிச் செலவழித்தேன்?

எப்படி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு கலங்கியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மாவின் மருந்துச் செலவுக்காக என் கார்டில் கூடுதல் கார்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். திருப்பூரில் துணி வியாபாரம் செய்யும் சித்தி மகன் ஒருமுறை நூல் எடுக்க அதைக் கேட்டான். அம்மா கொடுத்தார். பிறகு அது அவன் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. அவனுடைய நண்பர்கள் இருவர் தள்ளுபடிக்காகப் போன் வாங்கினார்கள், அவர்களில் ஒருவர் தங்கைக்கு நகையும் எடுத்தார். பில் தேதிக்கு முன் பணம் என் கணக்குக்கு வந்துவிடும். ஒரு ரூபாய்கூட யாரும் ஏமாற்றவில்லை. பணம் திரும்பி வந்தால் எல்லாம் சரி என்றே நம்பியிருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இங்கே விடியற்காலை ஆறரை, ஊரில் பத்து மணி. ஆடிட்டரிடம் பேசினேன். அவர் சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

ஒருவருடைய கார்டு பில்களுக்கு ஒரு நிதியாண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தினால் வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சமே போதும். கூடுதல் கார்டை யார் தேய்த்தாலும் முதன்மைக் கார்டுக்காரரின் பான் எண்ணில்தான் ஏறும்.

பட்டியலில் வந்ததாலேயே வரி வந்துவிடாது. அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் வருமான வரிச் சட்டத்தின் 69சி பிரிவில் விளக்கப்படாத செலவாகி, அந்த ஆண்டின் வருமானமாகவே கருதப்படும். அதற்கு 60 சதவீத வரி, அந்த வரித்தொகையின்மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்ததன்மேல் 4 சதவீதத் தீர்வை, மொத்தம் 78 சதவீதம். அந்த நண்பர்கள் செலவழித்தது 3,22,000 ரூபாய். அதை விளக்க முடியாமல் போனால் 2,51,160 ரூபாய் நான் கட்ட வேண்டும். நான் அந்த நகையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் நாள் முழுக்க மனதை அறுத்தது. திரும்பி வந்த பணம் கடன் தீர்ப்புதான் என்று காட்ட முடியாவிட்டால், அது எனக்கு வந்த அன்பளிப்பாகவும் பார்க்கப்படலாம். உறவினர் தந்தால் வரி இல்லை. மற்றவர்கள் தந்தது ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. “அவன் என் தம்பிதானே” என்றேன். “உடன்பிறந்த தம்பியா?” என்று கேட்டார். சட்டத்தின் பட்டியலில் சித்தி இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. பிறந்த நாளிலிருந்து என் இடுப்பில் கிடந்தவன், என்னை அக்கா என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்தறியாதவன், அங்கே அந்நியன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டு ஆன்டியோடு வரிசையில் நின்றேன். அவர் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இந்த நாட்டிலும் வங்கியில் வந்த பணம் வருமானம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வரி செலுத்துபவருடையதே என்றார்; ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமாம். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். வந்திறங்கியவரின் பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அந்தத் தவறான எழுத்துதான் இன்றும் குடும்பப் பெயர். “எழுதியது நின்றுவிடும், மகளே” என்று தமிழில் சொன்னார். அவர் தமிழ் பேசுவது அபூர்வம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பன்னிரண்டு மாதப் பில்லையும் வங்கி அறிக்கையையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பிரித்தேன். அம்மாவும் நானும் 1,90,000. தம்பி 8,60,000. நண்பர்கள் 3,22,000. நண்பர்கள் முழுவதையும் யூபிஐயில் அனுப்பியிருக்கிறார்கள், நல்லவேளை. தம்பி 6,75,000 யூபிஐயில் தந்திருக்கிறான். மீதி 1,85,000 ரொக்கமாக அம்மா கையில். அம்மா அதை என் கணக்கில் கட்டியிருக்கிறார்.

சிக்கல் அங்கேதான். கடனோ கடன் திருப்பமோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கத்தில் கைமாறக் கூடாது. மாறினால் அதே அளவு தொகை அபராதமாகலாம். நியாயமான காரணம் காட்டினால் விலக்கு உண்டு என்கிறார் ஆடிட்டர். ஆனால் காரணத்தைக் காட்ட வேண்டியது நாங்கள்.

தம்பியின் பக்கமும் ஓட்டை இருந்தது. நூல் வாங்கியதை அவனுடைய கணக்குப்பிள்ளை ரொக்கக் கொள்முதல் என்று எழுதிவிட்டார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தந்தால் அதை வியாபாரச் செலவாக ஏற்கமாட்டார்கள். என் கார்டில் வாங்கிவிட்டு ரொக்கம் என்று எழுதினால் அவனுக்கும் நஷ்டம், எனக்கும் சாட்சி இல்லை. போனில் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். “அக்கா, நான் உங்களுக்குக் கெடுதல் நினைப்பேனா?” என்றான். நினைக்கமாட்டான். அது எனக்குத் தெரியும் என்பதை எந்த அதிகாரிக்கு முன்னால் வைப்பது?

செப்டம்பர் 7, ஞாயிறு

தம்பியும் நண்பர்கள் இருவரும் கையெழுத்திட்ட உறுதிக் கடிதங்கள் வந்தன. என்ன வாங்கினார்கள், எந்தத் தேதியில் எவ்வளவு திருப்பினார்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது. கூடவே நூல் பில்கள், நகைக் கடை ரசீது, அவர்களுடைய பான் எண்கள். தம்பி தன் கணக்கில் என்னைக் கடன் கொடுத்தவராகக் காட்டித் திருத்திவிட்டான். நகை வாங்கிய நண்பர் தன் ஊதியச் சான்றையும் கேட்காமலே அனுப்பினார். அவர்மேல் மனத்தாங்கலோடு இருந்தேன், அது கரைந்துவிட்டது.

செப்டம்பர் 13, சனி

வட்டி வருமானத்தைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தேன். இந்திய சிம் கைவசம் இல்லாததால் நெட் பேங்கிங் வழியாகச் சரிபார்த்தேன். கோப்பு முழுவதையும் இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்று ஆடிட்டரிடம், ஒன்று என்னிடம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கணக்குத் தாக்கலுக்கு நேற்று முடியவேண்டிய கடைசித் தேதியை இன்றுவரை நீட்டித்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேலை இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மா கூடுதல் கார்டை வங்கியில் ஒப்படைத்து, ரத்துச் செய்த சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். மருந்துக்கு இனி அவருடைய சொந்த டெபிட் கார்டு.

மாலையில் தம்பி அழைத்தான். அவன் பெயரிலேயே ஒரு கார்டு வந்துவிட்டதாம், வரம்பு 40,000. தீபாவளிச் சரக்குக்கு அது எந்த மூலைக்கு என்று குரல் தாழ்ந்திருந்தது. வியாபாரக் கடனுக்கும் விண்ணப்பித்திருக்கிறான். போனைச் சித்தியிடம் கொடுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். கார்டைப் பற்றி இருவரும் எடுக்கவே இல்லை.