அரையடிப் படியும் ஆறடிச் சரிவும்

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் கழித்து, இந்த மாதம்தான் அம்மாவை முதன்முறையாக வெளியூர் கூட்டிப் போனேன். சேலம் அழகாபுரத்தில் அக்கா வீடு. சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைக்கும்போதே, "ஏற்காடு ஏரியைப் பாத்துடணும்" என்றார் அம்மா. கல்யாணமான புதிதில் அப்பாவோடு படகில் போன ஏரி.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவரை ஒன்றும் செய்யவில்லை. காப்பித் தோட்டங்களையும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாற்காலியை இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காரில் இருந்தபடியே பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா பேசவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பூங்காவுக்குப் போனோம். வாசலில் ஒரு படி, அதைத் தாண்டினால் மாடும் வண்டியும் நுழையாதபடி வளைத்து நட்ட இரும்புக் குழாய்கள். அக்கா டேப் வைத்து அளந்தாள்: இடைவெளி 55 செ.மீ., நாற்காலியின் அகலம் 64. உள்ளே எட்டு வடிவ நடைபாதையில் ஊரே நடந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொது இடங்களில் தடையில்லாமல் போய்வர வழி வேண்டும் என்கிறது. அரசின் வழிகாட்டு நெறிகளில் உள்ள கணக்கும் எளிதுதான்: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு, வாசலில் குறைந்தது 90 செ.மீ. இடைவெளி. அரையடிப் படிக்கு ஆறடிச் சிமென்ட் சரிவு போதும். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் செய்து முடிக்கிற வேலை. அந்த ஆறடி இருந்தால் தள்ளுவண்டிக் குழந்தை, கைத்தடி ஊன்றும் தாத்தா, மாசமாக இருக்கும் பெண் எல்லோரும்தான் சிரமமில்லாமல் உள்ளே போவார்கள்.

நாலு தெரு தள்ளி இன்னொரு பூங்கா உண்டு என்று தட்டுவடை செட் போடும் அண்ணன் சொன்னார். அங்கே பக்கவாசல் அகலமாக இருந்தது, சரிவும் இருந்தது. உள்ளே போய் வேப்பமர நிழலில் நாற்காலியை நிறுத்தினேன். சிமென்ட் பெஞ்சிலிருந்த நாலு பெரியம்மாக்கள் தங்கள் கூடைகளை நகர்த்தி இடம் விட்டார்கள். "எந்த ஊருங்கம்மா?" என்று ஆரம்பித்த பேச்சு, மருமகள், மூட்டுவலி, ரேஷன் அரிசி என்று போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் பேச்சு குழறும். அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். வீட்டில் நானே பல சமயம் அப்படிக் காத்திருப்பதில்லை.

ஊஞ்சலிலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள், ஒரு கால் கொலுசு கையில். திருகாணி கழன்றிருந்தது. கொலுசு செய்கிற ஊரில், அதைப் பூட்டுமளவுக்குக் கண் தெரியாத, பெஞ்சிலிருந்த தன் பாட்டியிடம் நீட்டினாள். "இங்க குடு கண்ணு" என்றார் அம்மா. சிறுமி காலைத் தூக்கி நாற்காலியின் கால்தாங்கியில் வைத்தாள். அம்மாவுக்கு வலது கை வேலை செய்யாது. இடது கையின் இரண்டு விரல்களால் திருகாணியை மெல்ல மெல்ல முடுக்கினார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவதில் பூட்டிக்கொண்டது. சிறுமி காலை உதறிப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு பாட்டி" என்று ஓடினாள். இரண்டு வருஷத்தில் அம்மா இன்னொருவருக்காகச் செய்த முதல் வேலை அது.

ஊருக்குக் கிளம்பும்வரை ஐந்து நாளும் அங்கேதான் போனோம். கடைசி நாள், அந்த முதல் பூங்காவின் குழாயை அகற்றிச் சரிவு போடச் சொல்லி அக்கா ஒரு மனு எழுதி எடுத்து வந்தாள். பெஞ்சில் வைத்துப் பெரியம்மாக்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். "இவங்க இந்த ஊரு இல்லையே" என்று நான் இழுத்தேன். கொலுசுச் சிறுமியின் பாட்டி பேனாவை அம்மாவின் இடது கையில் வைத்தார்.