முன்வாசல் எந்தப் பக்கம்?

ஜப்பானில் ஒரு கட்டிட வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நான் மாடல்தான் செய்தேன். வெள்ளை அட்டை, கத்தி, பசை. ஒரு சின்ன நூலகத்துக்குச் செய்த ஏழாவது மாடலும் வேண்டாம் என்றானபோது மனசு விட்டுப்போனது. பக்கத்து மேசை மூத்தவர், "கனசாவா நகரத்துக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வா" என்றார்.

அங்கே உள்ள 21-ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகம் 2004-இல் திறக்கப்பட்டது. கசுயோ செஜிமாவும் ரியூவே நிஷிசாவாவும் சேர்ந்து வடிவமைத்தது. போனதும் முன்வாசலைத் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. 112.5 மீட்டர் விட்டத்தில் வட்டமான கட்டிடம், சுற்றிலும் கண்ணாடி, வெவ்வேறு திசைகளில் கதவுகள். உள்ளே காட்சியறைகள் தனித்தனிப் பெட்டிகளாக நிற்க, நடுவே தெரு மாதிரி நடைவழிகள். வெளி வளையத்தில் நடக்கச் சீட்டு வேண்டாம். கையில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனார். அன்று நான் கலைப்பொருள்களைப் பார்த்தது கொஞ்சம்தான். பார்த்துக்கொண்டிருந்தது அந்த நடமாட்டத்தை.

அப்புறம்தான் செஜிமாவை ஒழுங்காகப் படித்தேன். 1956-இல் இபராகி மாகாணத்தில் பிறந்தவர். கட்டிட வடிவமைப்பாளர் டோயோ இட்டோவிடம் வேலை பார்த்து, 1987-இல் தனி அலுவலகம் தொடங்கினார். 1991-இல் குமமோட்டோவில் ஒரு நிறுவனத்தின் இளம்பெண் ஊழியர்கள் 80 பேருக்கு விடுதி கட்டினார். படுக்கையறைகளைச் சிறிதாக்கி, எல்லாரும் சேர்ந்து இருக்கும் நடுக்கூடத்தைப் பெரிதாக்கினார். கனசாவாவின் விதை அங்கேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

2010-இல் நிஷிசாவாவோடு, கட்டிடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் என்னை அதிகம் ஈர்த்தது ஜெர்மனியின் எசன் நகரில், பழைய நிலக்கரிச் சுரங்க வளாகத்தில் இருவரும் 2006-இல் முடித்த கட்டிடம். குளிர் நாட்டில் கான்கிரீட் சுவர் என்றால் வெப்பக்காப்பு அடுக்கும் சேர்ந்து தடிமனாகிவிடும். அங்கே சுரங்கத்திலிருந்து எப்படியும் இறைத்தாக வேண்டிய வெதுவெதுப்பான தண்ணீரின் சூட்டைச் சுவருக்குள் குழாய் வழியே ஓடவிட்டார்கள். தனி அடுக்கு தேவைப்படவில்லை. சுவர் மெலிந்தது. இதையெல்லாம் யோசிப்பதும் வடிவமைப்பு வேலைதான் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

இவர்கள் அலுவலகத்தில் ஒரே கட்டிடத்துக்கு எண்ணற்ற மாடல்கள் செய்து பார்ப்பார்கள் என்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. கனசாவா போய்வந்த பிறகு எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை எட்டாவது மாடலை எடுத்தேன். நூலகத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு பள்ளிக்கூடப் பாதை போகிறது. ஏழு மாடல்களிலும் அந்தச் சுவரை மூடியே வைத்திருந்தேன். கத்தியை எடுத்து, பிள்ளைகள் வரும் பக்கம் ஒரு கதவு வெட்டினேன்.