பதினாலாவது ஆளாக யாரை எடுப்பது?

இங்கே ரங்கூனில் பந்து என்றால் காலால் உதைப்பது, இல்லையென்றால் பிரம்புப் பந்து சின்லோன். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் எனக்குத் தொற்றியது இண்டியானாபொலிஸில் இருக்கும் அத்தை மகனால்தான். அந்த ஊரில் பர்மாக்காரர்கள் ஏராளம். அவன் போய்ச் சேர்ந்ததிலிருந்து கோல்ட்ஸ் அணிப் பைத்தியம், இப்போது எனக்கும்.

நாளை (2025 ஏப்ரல் 25) வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, அங்கே வியாழன் இரவு எட்டு மணி, அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லின் 2025 டிராஃப்ட் ஆரம்பம். தெரியாதவர்களுக்காக: கல்லூரிகளில் ஆடிய பையன்களை 32 அணிகளும் முறை வைத்து ஏழு சுற்றுகளில் பங்கு போட்டுக்கொள்வார்கள், போன சீசனில் மோசமாகத் தோற்றவனுக்கு முதல் முறை. கோல்ட்ஸுக்கு 14வது இடம். பந்தியில் கொஞ்சம் பின்னால்தான், ஆனால் பாயசம் தீர்ந்துபோகிற இடம் இல்லை.

மச்சானுக்குப் புது குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற ஆள், வேண்டுமாம். ஆத்திரம் புரிகிறது. 2023இல் 4வது ஆளாக எடுத்த ஆன்டனி ரிச்சர்ட்சன் போன சீசனில் எறிந்த பந்துகளில் பாதிகூட ஆள் கைக்குப் போகவில்லை, 47.7 சதவீதம். ஆனால் மார்ச்சில்தான் இன்னொரு குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸை ஒரு வருஷத்துக்கு 14 மில்லியன் டாலர் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். பின்வரிசைத் தடுப்புக்கும் சார்வேரியஸ் வார்டு, கேம்ரின் பைனம் என்று இரண்டு பேரைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. அப்புறம் மிச்சமிருக்கும் ஓட்டைகள் என்ன? குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் நடுவில் நிற்கும் சென்டர் ரயன் கெல்லியும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு வில் ஃப்ரைஸும் சேர்ந்தே மினசோட்டாவுக்குப் போய்விட்டார்கள். வரிசை ஓரத்து டைட் எண்ட் இடத்தில் எதிரி பயப்படும்படி ஒருவரும் இல்லை.

முன்வரிசை விஷயத்தில் எனக்கு 2018தான் நினைவுக்கு வரும். கோல்ட்ஸுக்கு ஆள் எடுக்கும் மேலாளர் கிறிஸ் பாலார்டு கையில் டிராஃப்டின் 3வது இடம் இருந்தது. அதை ஜெட்ஸ் அணிக்குக் கொடுத்து 6, 37, 49 ஆகிய இடங்கள், அடுத்த வருஷத்து இரண்டாம் சுற்று இடம் ஒன்று என்று வாங்கிக்கொண்டார். ஆறாவதாக எடுத்தது ஒரு கார்டை, குவென்டன் நெல்சன். ஆறாவது இடத்தில் போய் கார்டா என்று சிரித்தவர்கள் உண்டு. 37இல் பிரேடன் ஸ்மித். தோள் காயத்தால் 2017 முழுக்க உட்கார்ந்திருந்த குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் திரும்பி வந்தபோது, அந்த சீசன் முழுவதும் அவரை எதிரிகள் கீழே தள்ளியது 18 தடவைதான். முந்தின சீசனின் 4 வெற்றி 10 ஆனது. கண்ணுக்குத் தெரியாத வேலை செய்கிறவனை எடுத்ததால் வந்த பலன்.

அப்படியென்றால் நாளைக்கும் முன்வரிசை ஆள்தானே என்று கேட்பீர்கள். இல்லை, இந்தத் தடவை அவசரம் வேண்டாம். கார்டு, சென்டர் இடத்துக்கு 2024இல் எடுத்த கொன்சால்வெஸும் போர்டோலினியும் வீட்டிலேயே இருக்கிறார்கள். பென் ஸ்டேட் கல்லூரி டைட் எண்ட் டைலர் வாரன் மாதிரி ஆள்தான் வீட்டில் இல்லை. டைட் எண்ட் என்பவன் வரிசை ஓரத்தில் நின்று ஆளையும் தடுக்க வேண்டும், சட்டென்று ஓடிப் பந்தையும் பிடிக்க வேண்டும். வாரன் போன சீசனில் 104 பந்து பிடித்தான். யுஎஸ்சி கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்ததும் அவனே, ஓடிப்போய்ப் பிடித்துப் புள்ளி (டச்டவுன்) எடுத்ததும் அவனே. நம் டீக்கடைப் பையன் ஆர்டர் எடுத்து, டீ ஆற்றி, கல்லாவிலும் நிற்பானே, அந்த ரகம். எறிகிறவன் கை எங்கே போகும் என்று தெரியாத அணிக்கு, எப்படி வந்தாலும் பிடிக்கிற இவனைவிட வேறென்ன வேண்டும்?

வாரன் 14க்கு முன்னாலேயே போய்விட்டால்? மிச்சிகன் கல்லூரி டைட் எண்ட் லவ்லண்ட் இருந்தால் சரி. அவனும் போய்விட்டால், டைட் எண்ட் வேண்டுமே என்பதற்காக மூன்றாவது தரத்து ஆளை எடுக்கக்கூடாது, அப்போது இருப்பவர்களில் சிறந்தவன் யாரோ, தடுப்பாட்டக்காரனாக இருந்தாலும் அவன்தான். இதைச் சொன்னதற்கு மச்சான் ஒரு மணிநேரம் திட்டினான்.

பதினாலாவது பெயர் வரும்போது இங்கே எட்டரையாவது ஆகியிருக்கும். கரண்டு இருக்காது, போன் பேட்டரியை இன்று ராத்திரியே நிரப்பிவைக்க வேண்டும். விபிஎன் நடுவில் அறுந்தால் மச்சான் போன் பண்ணிச் சொல்வான். அவன் குரலிலேயே யாரை எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும்.