முன்கூடத்துத் திரை: மாரிகால நாட்குறிப்பு

நவம்பர் 9

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஏ9 வீதி நெடுக மழை. வான் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் என் கையை இறுக்கினாரே தவிர வாய் திறக்கவில்லை. கட்டிலைப் பின் அறையில் யன்னலோரம் போட்டிருக்கிறோம். வைத்தியர் சொல்லும்வரை கால் ஊன்றக் கூடாது.

அண்ணா முன்கூடத்தில். அவருக்குக் காது கேட்காது. நடுவில் சமையலறை, நீண்ட விறாந்தை.

நவம்பர் 10

இரவு அம்மா "தம்பி" என்று கூப்பிட்டார். பழக்கம். நான் போனேன். டிசம்பரில் நான் இங்கே இல்லாதபோது யார் போவது?

நவம்பர் 12

விளக்கு எரிகிற மணி ஒன்று பூட்டலாம் என்றார் மாமா. நல்ல யோசனைதான். ஆனால் குமிழ் எரிந்தால் அம்மா கூப்பிடுகிறார் என்பது மட்டும்தான் தெரியும். தண்ணீரா, வலியா என்று குமிழ் சொல்லாது. தொலைபேசி அதிர்வதை அச்சுப்பொறி ஓடுகிற மேசையில் எவராலும் உணர முடியாது. மாத்தளனில் நடந்த போருக்குப் பிறகு அண்ணா எந்தக் கதவுத் தட்டலுக்கும் திரும்பியதில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை அவருடைய கண் ஓரிடத்தில்தான் இருக்கிறது. இறந்தவர் நினைவுக்கு அடிக்கும் கல்வெட்டு நூல், திருமண அழைப்பிதழ், பாடசாலைப் பரீட்சைத்தாள் எல்லாமே அவர் அச்சுக்குக் கோக்கும் கணினித் திரையில்தான். கூப்பிடுவதானால் அங்கேதான் கூப்பிட வேண்டும்.

என் பழைய மடிகணினியை அம்மாவின் தலைமாட்டில் வைக்கிறேன். அதிலும் அண்ணாவின் கணினியிலும் உபுண்டு இயங்குதளம். ஒன்றிலிருந்து மற்றொன்றில் கட்டளை ஓட்ட எஸ்எஸ்எச். ஒரு கட்டளை, ஒரு சாளரம். இவ்வளவுதான் வேண்டும்.

நவம்பர் 13

திரையில் செய்தி காட்டும் நிரல்களில் எக்ஸ்மெசேஜ் மிகப் பழையது, சிறியது. ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கவில்லை. வேண்டாம்.

நோட்டிஃபை-சென்ட் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டையாக வந்து சில வினாடிகளில் மறைகிறது. அவசரம் என்று குறித்து அனுப்பினால் மறையாமல் நிற்கும். அழகானது. ஆனால் ஓரத்தில் நிற்பதை அண்ணா பார்த்தாரா என்பதை நான் எப்படி அறிவது?

ஸெனிட்டிதான். திரை நடுவே சாளரம் எழுகிறது, தமிழ் ஒழுங்காக வருகிறது. எல்லாவற்றையும் விட, மூடும்போது அது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. சரி என்று அழுத்தினால் 0. மறுத்தாலோ சாளரத்தை மூடினாலோ 1. கொடுத்த நேரத்துக்குள் எவரும் தொடாவிட்டால் 5. அந்த எண்ணை எஸ்எஸ்எச் அப்படியே அம்மாவின் பக்கத்துக்குக் கொண்டுவருகிறது. கூப்பிடலாம், கூப்பிட்டதற்கு என்ன ஆனது என்றும் அறியலாம்!

முதலில் அது அசையவே மறுத்தது, திரையைத் திறக்க முடியவில்லை என்று. அதுவும் நியாயம்தான். வெளியிலிருந்து நுழைந்த கட்டளைக்கு எந்தத் திரை என்று யார் சொன்னது? கட்டளைக்கு முன்னால் டிஸ்பிளே என்ற மாறியில் முக்காற்புள்ளியும் பூச்சியமும் போட்டதும் முன்கூடத்தில் சாளரம் எழுந்தது. சில இயந்திரங்களில் பூச்சியத்துக்குப் பதிலாக ஒன்று. அண்ணாவின் முனையத்திலேயே கேட்டுப் பார்த்தால் அது சொல்லிவிடும்.

அண்ணா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த வீட்டில் அவரை முதுகுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு எவ்வளவு காலம்!

நவம்பர் 14

என் பொட்டுப் பக்கெட்டிலிருந்து பெரிய ஒட்டுப்பொட்டுகளை எடுத்து விசைகளில் ஒட்டினேன். சிவப்பு வலி, பச்சை தண்ணீர், நீலம் கழிவறை, மஞ்சள் சும்மா வா. மஞ்சளை அம்மா கேட்டு வாங்கினார்.

நவம்பர் 16

இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

பத்து மணிபோல அம்மா சிவப்பை அழுத்தினார். அவருடைய திரையில் "அண்ணா வருகிறார்" என்று பதில் வந்தது. நான் கிணற்றடியில் நின்றேன். அண்ணா வரவில்லை. அம்மா மறுபடி அழுத்தவும் இல்லை, வருகிறான் என்றுதானே போட்டிருக்கிறது என்று காத்திருந்தார். நான் உள்ளே வந்தபோது முகம் வியர்த்துக் கிடந்தது. "வருகிறான் என்று காட்டியதே பிள்ளை, ஏன் வரவில்லை?"

அண்ணாவிடம் காகிதத்தில் எழுதிக் கேட்டேன். சாளரம் எதையும் பார்க்கவேயில்லை என்று எழுதினார். அண்ணா பொய் எழுதுபவர் அல்லர்.

பக்கத்தில் நின்று பார்த்தேன். மேசையில் கிடக்கும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபடியே அவர் தட்டச்சு செய்கிறார், வேகமாக. சாளரம் எழும் கணத்தில் விரல் இடைவெளி விசைக்குப் போகிறது. எழுந்ததும் விசைப்பலகையின் தட்டல் சாளரத்துக்கு மாறிவிடுகிறது, அதில் "வருகிறேன்" பொத்தான் தயாராக நிற்கிறது. இடைவெளி விசை அதை அழுத்திவிடுகிறது. கண் நிமிர்வதற்குள் சாளரம் இல்லை. இயந்திரத்தைப் பொறுத்தவரை ஒருவர் பார்த்தார், சம்மதித்தார், 0.

காட்டப்பட்டது வேறு, பார்க்கப்பட்டது வேறு. 0 என்ற எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அம்மாவின் வலி அந்த இடைவெளியில் கிடந்தது.

நவம்பர் 17

மறுப்புப் பொத்தானையே இயல்பாக வைக்கும் தெரிவு ஒன்று ஸெனிட்டியில் இருக்கிறது. அதைப் போட்டேன். இப்போது தவறிப் படும் விசை "இப்போது முடியாது" ஆகிறது. அம்மா அதை வாசித்துவிட்டு, "அவனுக்கு வேலை, விடு" என்றார்.

இது நேற்றையதைவிட மோசம். எடுத்துவிட்டேன்.

நவம்பர் 18

இரணைமடுக் குளம் நிரம்பிக்கொண்டிருக்கிறதாம். எல்லோரும் வான்கதவைப் பற்றியே பேசுகிறார்கள். நான் இடைவெளி விசையைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 19

பதிலைத் தட்டச்சு செய்யச் சொல்லும் சாளரம். அண்ணா எழுதுவது அப்படியே அம்மாவின் திரைக்கு வரும். காலையில் எவ்வளவு நன்றாக இருந்தது! "கஞ்சி ஆறட்டும் அம்மா, கொண்டுவருகிறேன்." எழுத்தின் அளவைக் குறிகளுக்குள் எழுதிக் கொடுத்தால் ஸெனிட்டி அதன்படி வரைகிறது. கண்ணாடி இல்லாமலே அம்மா வாசித்தார், இரண்டு தரம், சத்தமாக.

மாலையில் அம்மாவின் திரையில் அந்தப் பெரிய எழுத்தில்:

அன்னாரின் ஆத்மா

அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அண்ணா ஒரு கல்வெட்டை முடித்துக்கொண்டிருந்தார். நடுவில் சாளரம் எழ, மிச்ச வரி அதற்குள் விழுந்திருக்கிறது, பந்தி முடித்த விசை அதை அனுப்பியிருக்கிறது. அம்மா எதுவும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையை மூடிவிட்டுக் கால் பிடித்துவிட்டேன்.

அண்ணாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நவம்பர் 20

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 22

பட்டியல். சாளரத்தில் நான்கு வரிகள்: "தவறிப் பட்டது", "உடனே வருகிறேன்", "ஐந்து நிமிடம்", "தங்கச்சியைக் கூப்பிடுங்கள்". தவறிப்போய் ஒரு விசை பட்டால் எடுபடக்கூடியது முதல் வரிதான், அல்லது வெறுமை. இரண்டையும் நிரல் பதிலாக ஏற்பதில்லை, சாளரத்தை மறுபடி எழுப்புகிறது. மற்ற மூன்றில் ஒன்றை எடுக்க அண்ணா கீழே இறங்கித் தெரிவு செய்ய வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும். அம்மாவின் பக்கத்துப் பதில் 15 வினாடியில் தானே மூடிவிடும். அது திறந்து கிடந்தால் அடுத்த பொட்டு அழுத்துவது நிரலுக்குப் போய்ச் சேராது.

அண்ணாவை வேகமாகத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நவம்பர் 23

திரை ஓய்வுக்குப் போனால்? பூட்டிக் கிடந்தால்? சாளரம் பூட்டுக்குப் பின்னால் எழுந்து நின்று என்ன பயன். பூட்டையும் ஓய்வையும் நிறுத்திவிட்டேன். மின்கட்டணம் கூடட்டும்.

நவம்பர் 25

பின்னேரம் முழுக்க ஓர் அழைப்பும் இல்லை. நிரல் நின்றுவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. அம்மா அழுத்தவில்லை. தண்ணீர்க் குவளை காலியாக இருந்தது, உதடு காய்ந்திருந்தது.

"அவன் ஒரு பக்கத்தைக் கோத்துக்கொண்டிருப்பான். இது நடுவில் எழும்பி மறைக்கும்."

இத்தனை நாளும் நான் அண்ணாவின் பக்கத்தையே காவல் காத்திருக்கிறேன். விசையின் இந்தப் பக்கத்தில் இருப்பவர் அழுத்தாவிட்டால் எந்த எண்ணும் வராது, 5 கூட வராது.

நவம்பர் 26

அண்ணா தானாகவே ஒன்று கேட்டார். மறுபக்கம் கூப்பிட முடியுமா? முடியும், கட்டளை ஒன்றுதான், போகும் திசைதான் வேறு. இப்போது அவருடைய மேசையிலிருந்து அம்மாவின் திரையில் "தண்ணீர் குடித்தீர்களா?" என்று எழுகிறது. மணிக்கொரு தரம், குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் கிரான் அதைத் தானாக அனுப்பும்படி செய்யட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். தானே அனுப்புவாராம்.

அதற்குப் பிறகு அம்மா மஞ்சளை அழுத்துகிறார்.

நவம்பர் 28

இரவு மின்சாரம் போனது. ரவுட்டரும் போனது. மடிகணினி மட்டும் பற்றரியில் ஓடியது. அம்மா சிவப்பை அழுத்தினார், எஸ்எஸ்எச் 255 தந்தது. சென்று சேரவேயில்லை என்பதற்கான எண் அது. நிரலில் அதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கவில்லை, அம்மாவின் திரை வெறுமையாக நின்றது.

நவம்பர் 29

255 வந்தால் மடிகணினியே உரக்க ஒலிக்கும்படி செய்திருக்கிறேன். பக்கத்து வளவு அன்ரிக்குக் கேட்கும். இரவு பத்துக்குப் பிறகு அண்ணா பின் அறை வாசலில் பாய் போட்டுப் படுப்பதாக எழுதிக் கொடுத்தார். ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வேண்டும். பரந்தனில் விசாரித்தேன், கிளிநொச்சிக்குத்தான் போக வேண்டும்.

நவம்பர் 30

நாளை விடிய பஸ். யூபிஎஸ் இன்னும் வரவில்லை. கடைக்காரர் எட்டு மணிக்குத்தான் திறப்பார், அண்ணாவிடம் பணமும் துண்டும் கொடுத்திருக்கிறேன். பச்சைப் பொட்டு உரிகிறது, புதிதாக ஒன்று ஒட்ட வேண்டும். அம்மா மஞ்சளை அழுத்துகிறார்,