பெனி / சிலி / யம்

"அப்ப குரூப்புன்னு எதுக்கு டீச்சர் வெச்சீங்க?"

அந்தப் பெண் இதைக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. எதிர்த்துப் பேசும் தொனியெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். திமிராகக் கேட்டிருந்தால் நானும் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எட்டாம் வகுப்பு அறிவியல், நுண்ணுயிரிகள் பாடம். வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, பாசி, புரோட்டோசோவா என்று அதுவே ஐந்து துண்டாகப் பிரிந்து கிடப்பதால், ஆளுக்கு ஒரு துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் ஜிக்சா முறைக்கு இதைவிட வசதியான பாடம் கிடையாது. முப்பது பேர், ஐந்தைந்து பேராக ஆறு தாய்க்குழு, குழுவில் ஆளுக்கு ஒரு நுண்ணுயிரி. பூஞ்சை வந்த ஆறு பேரும் தனியாக ஒன்றுசேர்ந்து படித்து, பேசி, அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும். கடைசியில் நான் கேள்வி கேட்பேன், குழுவுக்குப் பத்து மதிப்பெண். ஒருவர் தன் பகுதியைச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் இரண்டு குறையும். இந்த இரண்டு மதிப்பெண் விதியை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை, நானாகச் சேர்த்தது.

அவள் குழுவில் இருந்த ஒரு பையனுக்குச் சொல்லித்தரப் பூஞ்சை வந்தது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், அதுவும் பாதி வரிக்கு மேல் போகாது. அன்றைக்கு எழுந்து நின்று ஒரு தாளைப் பார்த்து ஐந்து வரி தடுமாறாமல் வாசித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் கைதட்டச் சொல்ல வாயெடுத்தவள், சும்மா இல்லாமல், "ரொட்டி மாவுல ஈஸ்ட் போட்டா ஏன்டா உப்புது?" என்று கேட்டுவிட்டேன். அவன் வாசித்த மூன்றாவது வரியே அதுதான். தாளைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் இருந்த அவளைப் பார்த்தான். தாளை வாங்கினேன். அவளுடைய உருண்டைக் கையெழுத்து.

"அவன் சொல்லலன்னா எங்க எல்லாருக்கும் மார்க் போயிடும் டீச்சர், அதான் எழுதிக் குடுத்தேன்."

"அவன் வேலைய நீ ஏன் செய்யற? உன் பகுதிய மட்டும் பாரு."

அப்போதுதான் அந்தக் கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. "சரி, உட்காரு" என்றேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவனை உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

என் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது படைப்பாற்றல் கல்வி வந்த காலம். ஆங்கிலத்தில் ஆக்டிவ் லேர்னிங் மெத்தடாலஜி, சுருக்கமாக ஏ.எல்.எம். ஏ.எல்.எம். ஏ.எல்.எம். என்று எங்கே பார்த்தாலும் அதுதான் பேச்சு. அருஞ்சொல்லை அடிக்கோடிடு, மனவரைபடம் வரை, குழுவில் தொகு, வழங்கு. வகுப்பில் நடந்ததோ வேறு. கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பெண் குனிந்து வரைந்துகொண்டிருப்பாள், மற்ற நாலு பேர் அவளுக்கு ஸ்கெட்ச் பேனா மூடியைக் கழற்றிக் கொடுப்பார்கள். பார்வைக்கு யாராவது வந்தால் அதைத்தான் கம்பியில் தொங்கவிட்டுக் காட்டுவோம். பல வருடம் இதைப் பார்த்துப் பார்த்து, ஒரே கையெழுத்து கண்ணில் பட்டாலே எனக்குச் சுருக்கென்று ஆகிவிடும். அன்றைக்கும் அதுதான் ஆனது.

ஆனால் அந்தத் தாள் என் பாடக்குறிப்பேட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. பெனி / சிலி / யம் என்று பென்சிலில் கோடு போட்டுப் பிரித்திருந்தாள். ஃபிளெ / மிங். கார்பன் / டை / ஆக் / சைடு. 1928 என்று எழுதி, அதன் மேலேயே பொடி எழுத்தில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு'. மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதிக் கொடுக்கிறவள் இவ்வளவு மெனக்கெடுவாளா? மெனக்கெடலாம், மதிப்பெண் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. எனக்குத் தெரியவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன் என்றால், வைரஸ் குழுவில். கொரோனாவைப் பார்த்த பிள்ளைகள் ஆயிற்றே, அங்கே கேள்வி நிற்கவே இல்லை, எனக்கும் அது பிடித்திருந்தது. பூஞ்சைக் குழு பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனை வாசிக்க வைக்க வேண்டிய வேலை என்னுடையது, அதைத்தான் அவள் செய்தாள். இப்படி எழுதினால் என்னை ரொம்பக் குறைத்துக்கொள்கிற மாதிரியும் இருக்கிறது. முப்பது பேருக்கு நடுவில் ஒருத்தி எத்தனை இடத்தில் உட்கார முடியும்?

எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஜிக்சாவைத் தொடங்கியது, கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்த பிறகு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில். மற்றவன் கையில் இருக்கும் துண்டு எனக்கு வேண்டும், அதனால் அவன் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்பேன் என்பது கணக்கு. ராபர்ட் ஸ்லாவின் என்ற கல்வி ஆய்வாளருடைய முறையில் குழுவுக்குப் பாராட்டு உண்டு, ஆனால் ஒவ்வொருவரும் தனியாகத் தேர்வு எழுதி, தன் பழைய மதிப்பெண்ணைவிட எவ்வளவு ஏறினார்களோ அதுதான் குழுவின் கணக்கில் சேரும். அப்படி வைத்திருந்தால் நாலு மதிப்பெண் எடுப்பவன் ஏழு எடுத்தாலே அவன்தான் அந்தக் குழுவின் ராஜா. இதெல்லாம் பயிற்சியில் கேட்டு, நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். வகுப்பில் என் கைக்கு வந்தது இரண்டைக் குறைப்பதுதான்.

அடுத்த முறை குழுவாக உட்கார்ந்தபோது அவள் தன் பகுதியை அழகாகச் சொன்னாள். அவன் இரண்டு வரி சொல்லி நிறுத்திவிட்டான். மதிப்பெண் குறைந்தது. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆண்டுத் தேர்வில் ஆன்டிபயாடிக் எதிலிருந்து கிடைக்கிறது என்ற கேள்விக்கு அவன் 'பெனி சிலி யம்' என்று இடம் விட்டு விட்டு எழுதியிருந்தான். மதிப்பெண் போட்டேன். இதைச் சொன்னபோது கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழே இருந்த நாலு கேள்வியும் காலி.

இரண்டு பேரும் இப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறு வேறு பள்ளி. போன வாரம் மறுபடி அதே பாடம். இந்த முறை அந்த விதியை எடுத்துவிட்டேன். ஒரு குழுவில் பூஞ்சை சொல்ல வேண்டியவள் "எனக்குத் தெரியல" என்றாள். "சரி, அடுத்து பாசி" என்று தாண்டிப் போனார்கள். யாரும் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.